எடையும் விறைப்பும்: அதிர்வுப் பொறியியல் குறித்து ஓர் உரை

நேயர்களுக்கு என் வணக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, கோவைக்கு அருகில் உள்ள ஒரு நூற்பாலைக்கு என்னை அழைத்திருந்தார்கள். பஞ்சுக் கழிவை உறிஞ்சும் பெரிய விசிறி ஒன்று உயரமான இரும்பு மேடையில் நின்றது. ஓராண்டுக்குள் மூன்று முறை அதன் பேரிங்குகளை மாற்றியிருந்தார்கள். மேடை வலுவாக இல்லை என்று எண்ணி, அதன் மேல் தடித்த இரும்புத் தகடு ஒன்றையும் பொருத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகு அதிர்வு குறையவில்லை, கூடியது. மேடையின் மீது வைத்த ஒரு ரூபாய் நாணயம் என் கண் முன்னே நகர்ந்து நகர்ந்து ஓரத்தில் போய் விழுந்தது. உடனிருந்த ஃபிட்டர் சொன்னார்: "பேரிங் போனா கீச்சுன்னு கத்துங்க சார். இது உறுமுதுங்க." நோயின் பாதியை அவர் காதாலேயே கண்டுபிடித்துவிட்டார் என்பது அளந்து பார்த்த பின்புதான் எனக்குப் புரிந்தது.

எந்தக் கட்டமைப்பையும் ஒரு முறை தட்டிவிட்டு விட்டால், அது தனக்கே உரிய சில அதிர்வெண்களில் மட்டுமே அதிரும். அவற்றை இயல்பு அதிர்வெண்கள் என்கிறோம். விறைப்பு, அதாவது வளைந்து கொடுக்காத தன்மை, கூடினால் அவை உயரும். எடை கூடினால் தாழும். அந்த விசிறி நிமிடத்துக்கு 1,440 சுற்று, அதாவது நொடிக்கு 24 சுற்று சுழன்றது. விசிறியை நிறுத்திவிட்டு, ரப்பர் தலைச் சுத்தியலால் மேடையைத் தட்டி, விரல்நுனி அளவுள்ள உணரியைக் கொண்டு அளந்தபோது, மேடையின் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ 24.5 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 24.5 அதிர்வு, என்று தெரிந்தது. முன்பு அது சற்று மேலே இருந்திருக்க வேண்டும். வலுவுக்காகப் போட்ட தகட்டின் எடை அதை விசிறியின் வேகத்துக்கு அருகிலேயே இறக்கிவிட்டது. இயக்கும் வேகமும் இயல்பு அதிர்வெண்ணும் இப்படி நெருங்கினால் அதிர்வு பெருகும். இதுவே ஒத்ததிர்வு. தகட்டைக் கழற்றிவிட்டு, மேடைக் கால்களுக்கிடையே குறுக்காக இரண்டு ஆங்கிள் கம்பிகளைப் பற்றவைத்தோம். அதிர்வெண் உயர்ந்து விலகியது, உறுமலும் நின்றது. எடையைக் கூட்டுவதை வலுவூட்டுவதாக எண்ணுவதே இத்துறையில் நான் மிகுதியாகக் கண்ட பிழை.

ஒத்ததிர்வின் பாடத்தை லண்டன் மாநகரமும் படித்தது. தேம்ஸ் ஆற்றின் குறுக்கே அமைந்த மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டு, இரண்டே நாளில் மூடப்பட்டது. மனிதர் நடக்கையில் இடக்கால், வலக்கால் என்று மாறி மாறி ஊன்றுவதால், பக்கவாட்டில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை சிறு உந்தல் ஏற்படுகிறது; பாலத்தின் பக்கவாட்டு இயல்பு அதிர்வெண்களும் அந்த அளவிலேயே இருந்தன. பாலம் சிறிது அசைந்ததும், நிலைதடுமாறாமல் இருக்க மக்கள் தம்மை அறியாமலே அந்த அசைவுக்கு ஏற்ப அடியெடுத்து வைத்தார்கள்; அசைவு மேலும் பெருகியது. பாலம் உடைந்து விழும் நிலையில் இருக்கவில்லை. ஆனால் கைப்பிடியைப் பற்றாமல் நடக்க முடியாத பாலத்தை எவரும் பாலமாக ஏற்கமாட்டார். அசைவின் ஆற்றலை உறிஞ்சும் தணிப்பான்களை ஏராளமாகப் பொருத்திய பின், 2002 பிப்ரவரியில்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. விறைப்பைக் கூட்டினால் மெல்லிய பாலத்தின் தோற்றமே மாறியிருக்கும் என்பதால், அங்கே தணிப்பானே சரியான வழி.

அதிர்வெண்ணை எப்போதும் விரட்டவேண்டும் என்பதில்லை. சில இடங்களில் அழைத்து இருத்தவும் வேண்டும். சாதாரணத் தோல் முரசின் மேற்சுரங்கள், அதாவது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த அதிர்வெண்கள், ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. ஆகவே அதில் தெளிவான சுருதி பிடிபடுவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், நடுவில் 'சோறு' என்று வழங்கும் கருவட்டத்தின் எடை அந்த மேற்சுரங்களை ஏறத்தாழ முழு எண் விகிதங்களுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. திருச்சியில் பிறந்த சி.வி. இராமன் 1920-இலேயே இதை ஆராய்ந்து எழுதினார். நூற்பாலை மேடையில் தகடு செய்த அதே வேலையை இங்கே அந்தக் கருவட்டம் செய்கிறது. ஆனால் வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில்.

வாகன டயர் செய்வோர் வேறொரு உத்தியைக் கையாளுகிறார்கள். டயரில் சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தால், சாலையில் ஒரே சுரத்தில் ஓயாத ரீங்காரம் எழும். ஆகவே சிறிதும் பெரிதுமாகக் கலந்து அமைத்து, ஒலியாற்றலைப் பல அதிர்வெண்களில் சிதறடிக்கிறார்கள்.

இயந்திரத்தைப் பற்றியே இவ்வளவு பேசினேன். அதன் அருகில் நிற்பவரைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் நாட்டில் தொழிற்சாலைகளுக்கு எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் ஓசை என்பது வரம்பு. தறிக்கூடங்களில் ஓசை பல நேரம் இதைத் தாண்டும். இரைச்சலால் வரும் செவிக்குறை முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்குவதால், பாதிக்கப்பட்டவருக்கு நெடுநாள் தெரிவதில்லை. பேச்சு கேட்கிறது, ஆனால் கூட்டத்தில் சொற்கள் தெளிவாவதில்லை. கீச்சென்ற பேரிங்கின் ஓசையும் ஏறத்தாழ இந்த மேல் அதிர்வெண்களில்தான் கேட்கும். என்னோடு மேடையருகே நின்ற அந்த ஃபிட்டரின் சட்டைப் பையில் காதடைப்பான் இருந்தது. அதைப் போட்டால் இயந்திரத்தின் ஓசை கேட்காதே என்று அவர் போடுவதில்லை.

நன்றி, வணக்கம்.