வெயிலைக் குடித்துப் பறந்த விமானம்

நேயர்களுக்கு வணக்கம். மொட்டை மாடியில் வடாம் காயவைக்க விரிக்கிறோமே, ஒரு சதுர மீட்டர் துணி, அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் அதன்மேல் விழுவது சுமார் 1,000 வாட். சோலார் தகடு அதில் கால் பங்கை மின்சாரமாகத் தந்தாலே பெரிய விஷயம். ஒரு மிக்ஸிக்குக்கூடக் காணாது. இந்த வடாம் கணக்குக்குத் திரும்ப வருவேன்.

2015 மார்ச்சில் அபுதாபியிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பியது சோலார் இம்பல்ஸ் 2 என்ற சூரிய மின்சார விமானம். அகமதாபாத்திலும் வாரணாசியிலும்கூட இறங்கியது. இறக்கையின் நீளம் 72 மீட்டர். போயிங் 747-ஐ மிஞ்சும். எடை 2,300 கிலோதான். 17,248 சூரிய மின்கலங்கள் பதித்த அந்தப் பெரிய இறக்கை தூக்கிச் சென்றது எத்தனை பேரை? ஒரே ஒருவரை.

சரி, ராத்திரி? நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் வழி. கரண்ட் இருக்கும்போது மோட்டார் போட்டு மேலே ஏற்றுகிறோம், பிறகு குழாயைத் திறந்தால் தானாக இறங்குகிறது. இந்த விமானமும் பகலெல்லாம் பேட்டரியை நிரப்பியபடியே சுமார் 28,000 அடி ஏறிவிடும். பொழுது சாய்ந்ததும் பருந்துபோல மெல்லச் சறுக்கி இறங்கும். ஆக, அந்த உயரமும் ஒரு பேட்டரி! கீழே வந்தபிறகுதான் நிஜப் பேட்டரியில் கை வைக்கும்.

இப்படியே அதன் விமானி ஆந்த்ரே போர்ஷ்பெர்க் ஜப்பானின் நகோயாவிலிருந்து ஹவாய்வரை 117 மணி 52 நிமிடம் தனியாக ஓட்டினார். ஐந்து பகல், ஐந்து இரவு. தூக்கம் இருபது இருபது நிமிடமாக. உட்கார்ந்த இருக்கையே கழிப்பறை. நான் எங்கே பேசப் போனாலும் முதல் கேள்வி அதுதான், அதனால் முந்திக்கொண்டேன்! சராசரி வேகம் மணிக்கு 76 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலை பஸ்ஸே ஈடுகொடுக்கும். முதல் நாள் வேகமாக மேலே ஏறியதில் பேட்டரி சூடேறிவிட்டது. குளிருக்காகச் சுற்றியிருந்த காப்பு அதை ஆறவும் விடவில்லை. பிறகென்ன, ஹவாயில் ஒன்பது மாதம் முடக்கம். சுற்று முடிந்தது 2016 ஜூலையில்.

"அப்போ சென்னை–டெல்லி சோலார் விமானம் எப்போ சார்?" என்கிறார்கள். வடாம் கணக்குக்கு வாருங்கள். ஏர்பஸ் ஏ320-இன் இறக்கைப் பரப்பு 120 சதுர மீட்டர் சொச்சம். முழுக்கத் தகடு பதித்தாலும் சுமார் 30 கிலோவாட்தான் கிடைக்கும். அந்த விமானம் மேலே சீராகப் பறக்கவே ஆயிரக்கணக்கான கிலோவாட் வேண்டும். தகட்டின் திறன் கூடட்டுமே. ஒரு சதுர மீட்டருக்கு மேலேயிருந்து வருவதே அந்த 1,000 வாட்தானே!

ஆளை ஏற்றாவிட்டால் கதையே வேறு. செஃபிர் என்ற ஆளில்லா விமானம், 75 கிலோகூட இல்லை, 2022-இல் 64 நாள் வானிலேயே இருந்தது. காட்டுத்தீயைக் கவனிக்க, செல்போன் சிக்னல் தர... இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கியிருந்தேன், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிடம்தான் என்று விரலைக் காட்டுகிறார்கள். அந்த 64 நாளின் முடிவில் அது அமெரிக்காவின் அரிசோனாவில் விழுந்து நொறுங்கியது என்பதையாவது சொல்லிவிடுகிறேன். வணக்கம்.