பிரிஸ்டல்காரர்களுக்கு நாம் பட்ட கடன்

அவையோருக்கு வணக்கம்.

பிரிட்டனின் கறுப்பின மக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1948இல் கரீபியத் தீவு மக்களை ஏற்றிக்கொண்டு டில்பரி துறைமுகத்துக்கு வந்த விண்ட்ரஷ் கப்பலிலிருந்து தொடங்குவார்கள். அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே எட்டாம் ஹென்றியின் அரண்மனையில் ஜான் பிளாங்க் என்ற கறுப்பினக் கலைஞர் எக்காளம் ஊதிச் சம்பளம் வாங்கியிருக்கிறார். 1511ஆம் ஆண்டுப் போட்டிவிழாவைக் காட்டும் ஓவியச் சுருளில், தலைப்பாகை கட்டிக் குதிரைமேல் இருக்கிறார். அவ்வளவு நீண்ட கதை இது. இன்று அதில் ஒரே ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

பிரிஸ்டல், 1963. அங்கே பேருந்து நிறுவனத்தில் கறுப்பினத்தவரும் ஆசியரும் பட்டறையில் வேலை பார்க்கலாம். நடத்துநராகவோ ஓட்டுநராகவோ ஆக முடியாது. தொழிலாளர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையே 1955இல் அப்படித் தீர்மானம் போட்டிருந்தது. இதை அம்பலப்படுத்த பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞர் ஒரு வழி கண்டார். கய் பெய்லி என்ற ஜமைக்கா இளைஞருக்கு அந்த நிறுவனத்தில் நேர்காணல் ஏற்பாடு செய்தார். பெய்லி எந்த ஊர்க்காரர் என்று தெரிந்ததுமே நேர்காணல் ரத்து!

ராய் ஹாக்கெட்டும் தோழர்களும் ஸ்டீபன்சனோடு சேர்ந்து பேருந்துகளைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். நான்கு மாதம் பிடித்தது. ஆகஸ்ட் 28 அன்று நிறுவனம் இறங்கிவந்து நிறத்தடையை நீக்கியது. அதே நாளில்தான் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைச் சொன்னார். அவர் பேச்சு நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். பிரிஸ்டலை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லையே! என் ஆதங்கம் அதுதான்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். செப்டம்பரில் அந்த ஊரின் வெள்ளையரல்லாத முதல் நடத்துநராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற இந்தியச் சீக்கியர். கரீபியர்கள் தட்டித் திறந்த கதவில் முதலில் நுழைந்தவர் நம்மவர்! 1965இல் இனப்பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது. 1968இல் அது வேலைக்கும் வீட்டுக்கும் விரிந்தது. பின்னால் யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் லண்டன் வந்து வாடகைக்கு வீடு கேட்ட நம் குடும்பங்களுக்கும் அந்தச் சட்டம் துணை நின்றது.

அதே பிரிஸ்டலின் நடுவில், அடிமை வணிகத்தில் பணம் சேர்த்த எட்வர்ட் கோல்ஸ்டனுக்கு 1895இலிருந்து 2020 வரை சிலை இருந்தது. பேருந்துத் தகராறில் அந்தத் தொழிலாளர் சங்கம் நடந்துகொண்ட விதத்துக்கு அதன் வழிவந்த சங்கம் மன்னிப்புக் கேட்டதோ 2013இல்தான்.

அக்டோபர் மாதத்துக் கறுப்பின வரலாற்று விழாவோடு இதை முடித்துவிடக் கூடாது. அடுத்த பெற்றோர் சந்திப்பில் வரலாற்று ஆசிரியரிடம் கேளுங்கள்: "பிரிஸ்டல் பேருந்துப் புறக்கணிப்பை எந்த வகுப்பில் சொல்லித் தருகிறீர்கள்?"