பென்சில் குறி

நேயர்களுக்கு வணக்கம். நான் சிறப்புக் கல்வி ஆசிரியை. முதலில் என் தப்பு ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்குத் தனிக் கல்வித் திட்டம் போடுவதற்காக அவன் அம்மாவைக் கூட்டத்துக்கு அழைத்திருந்தோம். மேசையின் ஒரு பக்கம் தலைமையாசிரியர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், நான். எதிர்ப்பக்கம் அவர் மட்டும். ஏழு பக்கத் திட்டம் முந்தின நாளே அச்சாகி, ஸ்டேப்ளர் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நானே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தேன். அவருக்கு வசதியாக இருக்கட்டுமே என்று!

அவர் மடியில் ஒரு நோட்டு இருந்தது. அதில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் கூட்டம் முடிந்து, குறி போட்ட இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "டீச்சர், பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே காதைப் பொத்திக்கிறானா?" என்று கேட்டார்.

ஆமாம், தினமும்தான். பாடவேளை முடிகிற நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். 'பாடத்தைத் தவிர்க்கும் நடத்தை' என்று திட்டத்தில் எழுதி, அதைக் குறைக்க ஓர் இலக்கும் வைத்திருந்தோம். அம்மாவின் நோட்டில் மூன்று மாதக் கணக்கு இருந்தது: மிக்சி ஓடினால், கதவு அறைந்தால், பக்கத்து வீட்டில் துளை போட்டால், எவ்வளவு நேரம் காதைப் பொத்துகிறான், எப்போது தெளிகிறான் என்று தேதிவாரியாக. பையன் பாடத்துக்குப் பயப்படவில்லை, மணிக்குத்தான் பயந்திருக்கிறான். மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே அவனை வெளியே அழைத்துப்போக ஆரம்பித்தோம். மேசைக்கு அடியில் போவது மெல்ல மெல்ல நின்றது.

பெற்றோரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது ஒன்று, முடிவு எடுக்கும்போது அவர்கள் இருப்பது வேறு. நாங்கள் முதலாவதை மட்டும் செய்திருந்தோம்.

முடிவு எடுக்கும்போது பெற்றோரும் இருக்கவேண்டும் என்பதைச் சட்டமாகவே எழுதிப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே அந்தச் சட்டம் வந்ததிலேயே பெற்றோருக்குப் பெரிய பங்கு உண்டு. அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்ததை எதிர்த்து, பென்சில்வேனியாவில் பெற்றோர் சங்கம் ஒன்று 1971ல் நீதிமன்றம் போனது. அதற்குச் சில வருடம் கழித்து, 1975ல், திட்டம் வகுக்கும் கூட்டத்தில் பெற்றோருக்கு இடம் கொடுக்கும் தேசியச் சட்டம் வந்தது. இன்று அங்கே பிள்ளையை முதல்முறை மதிப்பீடு செய்வதற்குமுன் பள்ளி பெற்றோரிடம் சம்மதம் கேட்கவேண்டும். அவர்கள் கேட்டதை மறுத்தால் பள்ளி காரணத்தை எழுத்தில் தரவேண்டும். மொழி புரியாதவருக்குக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். (கலைச்சொல் புரியாத எங்களைப் போன்றவர்களுக்கும் ஒருவரை வைத்தால் தேவலை என்று ஓர் அப்பா என்னிடம் சொன்னார்.)

எனக்கு மிகவும் பிடித்த விதி வேறு. பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாத பிள்ளைக்கு, பெற்றோர் இடத்தில் உட்கார ஒருவரை நியமிக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் கல்வியையோ பராமரிப்பையோ நடத்தும் அமைப்பில் அவர் ஊழியராக இருக்கக் கூடாது. பள்ளிக்காகவும் பிள்ளைக்காகவும் ஒரே வாய் பேசினால் அந்தப் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்று யாரோ சரியாகவே யோசித்திருக்கிறார்கள்.

2004ல் டென்னசி மாநில வழக்கு ஒன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதையும் இங்கே சொல்லவேண்டும். பெற்றோர் கூட்டங்களுக்கு வந்தார்கள், பேசவும் பேசினார்கள். ஆனால் அவர்கள் கேட்ட பயிற்சி முறையைத் தருவதில்லை என்று கல்வி நிர்வாகம் முன்பே தீர்மானித்திருந்தது. அப்படியானால் அது பங்கேற்பே ஆகாது, சட்டமீறல் என்றது நீதிமன்றம். இதைப் படித்தபோது என் பென்சில் குறிதான் கண்முன் வந்து நின்றது.

அப்புறம், கொள்கை வகுக்கும் குழுக்கள். அமெரிக்க மாநிலங்களின் ஆலோசனைக் குழுக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மாற்றுத்திறனாளிகளோ, அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரோ ஆக இருக்கவேண்டும். நல்ல விதிதான். ஆனாலும் பேச்சு வராத பிள்ளையின் அம்மாவுக்குத் தெரிவது, எழுத்துக்கூட்டச் சிரமப்படும் பிள்ளையின் அப்பாவுக்குத் தெரியாமல் போகலாம். பிரதிநிதியாகப் போகிறவர் தன் பிள்ளை கதையோடு மற்ற வீடுகளின் கதையையும் கேட்டு வைத்துக்கொண்டு போகவேண்டும். நாள் முழுக்கப் பிள்ளையைத் தூக்கிச் சுமந்தவர் அதற்கும் நேரம் ஒதுக்குவது லேசான காரியம் இல்லை.

பிள்ளையையும் விட்டுவிடக் கூடாது. அவர்களைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை அவர்களுக்கே உண்டு என்கிறது ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை. அம்மா ஒன்று சொல்ல, பையன் படத்தைக் காட்டி இன்னொன்றைச் சொன்னதையும் பார்த்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் திட்டத்தின் வரைவைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு அனுப்புகிறேன். முதல் பக்கம் வெறுமையாக இருக்கும், அதை நிரப்புவது வீட்டார் வேலை. ஓர் அம்மா போன மாதம் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, பின்பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தார். நாங்கள் அச்சடித்திருந்த மூன்று இலக்குகளையும் அடித்திருந்தார். அன்றைக்குக் கூட்டம் முடிய இரண்டரை மணி நேரம் ஆனது.