கூட இருப்பவர் பார்ப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

என் கணவருக்கு மூளையில் ஒரு நீர்க்கட்டி இருக்கிறது. அதைப் பற்றிப் பேச வானொலியில் கூப்பிடுகிறார்கள், போகட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "பேசு, ஆனா என்னைப் பரிதாபமாக் காட்டிடாதே" என்றார். அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டே பேசுகிறேன்.

அவருக்கு இருப்பது அரக்னாய்டு சிஸ்ட். மூளையைப் போர்த்தியிருக்கும் மூன்று உறைகளில் நடு உறைக்கு அரக்னாய்டு என்று பெயர். பிறவியிலேயே அந்த உறை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, மூளைக்குள்ளும் அதைச் சுற்றியும் ஓடும் திரவம் அங்கே தேங்கி நிற்கும். இது புற்றுநோய் இல்லை. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே கடைசி வரை தெரியாது. இவர் படியில் சறுக்கி விழுந்தார், எதற்கும் பார்த்துவிடுவோம் என்று ஸ்கேன் எடுத்தார்கள், இடது பொட்டுக்கு உள்பக்கம் அது தென்பட்டது.

எல்லா நீர்க்கட்டியும் ஒன்றல்ல. மூளையின் நடுவே, திரவம் இறங்கி வரும் குறுகிய வாசலருகே வளர்வது கொலாய்டு சிஸ்ட். நம் மூளையில் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி திரவம் சுரக்கிறது. ஆனால் எந்த நேரத்திலும் மூளையிலும் முதுகுத்தண்டிலும் சேர்த்து இருப்பது 150 மில்லி அளவுதான், மற்றது வடிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வாசல் அடைபட்டால் சிறிய கட்டிகூட உயிருக்கு ஆபத்தாக முடியலாம். மூளையின் நடுவே இருக்கும் பினியல் என்ற சின்னச் சுரப்பியில் வரும் சிறு கட்டிகளோ பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் கிடக்கும். நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதிலிருந்து மூளையில் உண்டாகும் கட்டி முற்றிலும் வேறு கதை, அதற்கு வைத்தியமும் வேறு. அதனால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு பெரிசு?" என்பதல்ல. "என்ன வகை, எந்த இடம், திரவம் போகும் வழியை அடைக்கிறதா?" என்பதுதான்.

இவ்வளவும் தெரிந்த பிறகாவது மனம் அடங்குமா என்றால், அடங்காது. அவர் சாவியை மறந்தால் கட்டி, எரிந்து விழுந்தால் கட்டி, வாசற்படியில் தடுக்கினால் கட்டி. ராத்திரி விழித்துக்கொண்டு மூச்சு சீராக வருகிறதா என்று பார்ப்பேன். இந்தக் கவலையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை அப்படியே கொண்டுபோய் "இவர் முன்ன மாதிரி இல்லை டாக்டர்" என்று கொட்டினால், டாக்டர் அதை வைத்து என்ன செய்வார்?

ஒரு மாலை அவர் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ கேட்டேன், பதில் இல்லை. கண் திறந்துதான் இருந்தது, பார்வை மட்டும் சுவரில் நிலைத்திருந்தது. வலது கை விரல்கள் சட்டைப் பொத்தானை நெருடிக்கொண்டே இருந்தன. உதடு எதையோ மெல்லுவதுபோல அசைந்தது. அரை நிமிடம் இருக்கலாம். பிறகு, மடித்து வைத்த துண்டையே எடுத்து உதறி மறுபடி மடித்தார். "என்ன கேட்டே?" என்றார். நடுவில் ஒன்று நடந்தது அவருக்குத் தெரியவே இல்லை. வலிப்பு என்றால் கை கால் வெட்டி இழுப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம், இப்படிச் சத்தமில்லாமலும் வரும். வந்தவரால் அதைச் சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்தவர்தான் சொல்ல வேண்டும்.

அவரை வைத்துக்கொண்டே டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் முதுகுக்குப் பின்னால் சொல்ல எனக்கு மனமில்லை. டாக்டர் கேள்விகளாக அடுக்கினார். கண் திறந்திருந்ததா? எந்தக் கை? கூப்பிட்டால் திரும்பினாரா? தெளிய எவ்வளவு நேரம் ஆனது? "அடுத்த முறை வந்தா போன்ல வீடியோ எடுங்கம்மா" என்றார். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்தார்கள், வலிப்புக்கு மாத்திரை தொடங்கியது. ஆனால் கட்டிதான் காரணம் என்று அவர் உடனே தீர்ப்பு எழுதிவிடவில்லை. வலிப்பு கிளம்பும் இடமும் கட்டி இருக்கும் இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லையாம். அதனால் அறுவைச் சிகிச்சைக்கு அவசரம் காட்டவில்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, நேரம், கண்ணால் கண்டது, எவ்வளவு நேரம் நீடித்தது, முந்தின ராத்திரி தூக்கம், மாத்திரை விட்டுப்போனதா. என் ஊகத்துக்கு அதில் இடம் கிடையாது. கொஞ்ச நாளில் ஒன்று புலப்பட்டது. அவருடைய சிடுசிடுப்பு மாத்திரை தொடங்கிய பிறகுதான் கூடியிருந்தது. அவர் சாப்பிட்டது லெவெடிரசெட்டம். சிலருக்கு அது எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நோட்டைப் பார்த்து டாக்டர் மருந்தை மாற்றினார். நாமாக நிறுத்தியிருந்தால் வலிப்பு திரும்பியிருக்கலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது.

நோட்டில் எழுதிக்கொண்டிராமல் உடனே கிளம்ப வேண்டிய சமயங்களும் உண்டு. இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, காலையில் தலைவலியோடு வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கத் தூக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, ஒரு பக்கம் பலம் குறைவது, பேச்சு குழறுவது, 5 நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்பு. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். அரக்னாய்டு கட்டி இருப்பவர் தலையில் அடிபட்டால், அன்றைக்கு நன்றாக இருந்தாலும் சில வாரம் கண்காணிக்க வேண்டும். உள்ளே ரத்தக்கசிவு மெதுவாகச் சேரலாம்.

வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாள்தான் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. கட்டிக்குக்கூட அவர் அப்படிக் கலங்கவில்லை.

அழுத்தம் கூடினால் எண்டோஸ்கோப் என்ற கேமரா வைத்த மெல்லிய குழாய் வழியாகக் கட்டியில் திறப்பு வைப்பார்கள், அல்லது திரவத்தை வயிற்றுக்கு வடிக்க உள்ளே குழாய் பொருத்துவார்கள். இவருக்கு அது தேவைப்படவில்லை. இடைவெளி விட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். "பார்த்துக்கிட்டே இருப்போம்" என்று டாக்டர் சொல்லும்போது, கைவிட்டுவிட்டார்களோ என்று நமக்குத் தோன்றும். அதுவும் யோசித்து எடுக்கிற முடிவுதான், அறுவைச் சிகிச்சைக்கும் ஆபத்து உண்டே.

இன்னொன்று. எந்நேரமும் ஒருவர் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? "நீ பொண்டாட்டி மாதிரி பார்க்க மாட்டேங்கிற, நர்ஸ் மாதிரி பார்க்கிற" என்றார் ஒருநாள். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். உடம்பைப் பற்றிய கேள்வி ராத்திரி ஒரே தடவை. பகலில் ஏதாவது தென்பட்டால் கேட்க மாட்டேன், எழுதிக்கொள்வேன். நோட்டை அவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். படிக்கவும் செய்கிறார். போன வாரம், "கூப்பிட்டேன், பதில் இல்லை" என்று நான் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இருந்தது: "காதில் விழுந்தது. எழுந்து வர சோம்பல்."

வணக்கம்.