நிலாவரைக் கிணத்தில மேல நல்ல தண்ணி, அடியில உவர்: உங்கட தோட்டக் கிணறும் அப்பிடித்தான்!

(காட்சி: நிலாவரைக் கிணத்தடி)

வணக்கம் மக்களே! இந்தக் கிணத்துக்கு அடியே இல்லை, ராமர் வில்லால ஊண்டின இடம் எண்டு சின்னனில உங்களுக்கும் சொல்லியிருப்பினம். எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம், மேல அள்ளினா நல்ல தண்ணி, ஆழத்துக்குப் போகப் போக உவர். எங்கட காலுக்குக் கீழ கடல் இருக்கு மக்களே!

பின்னணி கெதியாச் சொல்லுறன். யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறே இல்லை, வழுக்கையாறும் மாரிக்குத்தான் ஓடும். மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கி நிக்கிறதைத்தான் கோடை முழுக்க இறைக்கிறம்.

இப்ப இதைப் பாருங்கோ.

(காட்சி: கண்ணாடிப் போத்தல், சிவப்புச் சாயம் போட்ட உப்புத்தண்ணி)

கரண்டியின்ர முதுகில நல்ல தண்ணியை மெதுவா விடுறன்... பார்த்தீங்களே, கலக்காமல் மேல நிக்குது! ஒரு லீற்றர் நல்ல தண்ணி 1000 கிராம் எண்டா கடல் தண்ணி 1025 கிராம், அந்த 25 கிராம் வித்தியாசம்தான் எங்கட சோறு, தேத்தண்ணி எல்லாம். நிலத்தடித் தண்ணி கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நிண்டா கீழ 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும், இதை கைபன், ஹெர்ஸ்பெர்க் எண்டு ரெண்டு பேர் 100 வருசத்துக்கு முதலே கணக்குப் போட்டுட்டினம். மறுபக்கமாப் பாருங்கோ, மேல 1 அடி இறங்கிச்சுதெண்டா உவர் 40 அடி ஏறப் பார்க்கும்! உடனே இல்லை, மெதுமெதுவா, ஆனா ஏறும்.

எங்கட மாமாவின்ர தோட்டத்தில ஒரு சித்திரையில வெங்காயத் தாளெல்லாம் நுனி கருகிப் போச்சு, மனுசன் மருந்தடிச்சார், பசளை போட்டார், ஒண்டும் சரிவரேல்லை, கடைசியா வாய்க்கால் தண்ணியைக் கையில ஏந்தி வாயில விட்டுப் பார்த்திட்டு தண்ணி இறைக்கிற மெசினை நிப்பாட்டினார். துலா மிதிச்ச காலத்தில கிணத்துக்கு ஆறுறதுக்கு நேரம் கிடைச்சது, மெசின் விடாது.

சரி, இதுக்குள்ள காலநிலை மாற்றம் எங்க வருது? வெப்பம் 1 பாகை கூடினா காத்து கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடுதலா ஈரத்தைப் பிடிக்கும், அப்ப பெய்யேக்க கொட்டித் தள்ளும். 2008 நிஷா புயல், 2020 புரெவி புயல் ஞாபகம் இருக்கோ? ஒரு மாரிக்குரிய மழை சில நாளில விழுந்தா நிலம் குடிக்க முதல் வெள்ளமாக் கடலுக்கு ஓடிடும். அதால வருச மொத்த மழையை மட்டும் பார்த்து ஊருக்குத் திட்டம் போடுறது பிழை எண்டுதான் நான் சொல்லுவன். என்ன ஆபத்து வருது, ஆர் அகப்படுகினம், அவை எவ்வளவு தாங்குவினம், இந்த மூண்டையும் ஊர் ஊராக் கேக்கோணும். ஒரே மழைதான், ஆனா களப்புக் கரையில குத்தகைக் காணியும் ஒரே ஒரு கிணறும் வைச்சிருக்கிற அக்காவுக்கும் குளத்துக்குப் பக்கத்தில ரெண்டு கிணறு வைச்சிருக்கிறவருக்கும் விழுற அடி ஒண்டில்லை.

இதுக்குப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு பறுவத்துக்கும் கயிறு விட்டுத் தண்ணி மட்டத்தை அளந்து, மின்கடத்துதிறன் (தண்ணியில உப்புக் கூடக் கூட இதுவும் கூடும்) பார்க்கிற சின்ன மீற்றரால உவரையும் பார்த்து ஒரு கொப்பியில எழுதுங்கோ. ரெண்டு மூண்டு வருசக் கணக்குக் கையில இருந்தா எந்தக் குளத்தை முதல் தூர்வாருறது, எந்தக் கிணத்தில இறைப்பைக் குறைச்சுச் சொட்டுநீருக்கு மாறுறது எண்டு ஊரே இருந்து கதைக்கலாம்.

உங்கட கிணறு எந்த மாசம் உவர்க்கத் தொடங்குது எண்டு ஊர்ப் பேரோட கொமெண்டில போடுங்கோ. வீட்டில அம்மம்மா இருந்தா கேட்டுப் போடுங்கோ, எந்த வருசம் மட்டும் அந்தத் தண்ணியில தேத்தண்ணி போட்டவா எண்டு.