லேன்ட்மாஸ்டர் இஞ்சினுக்குள் இருநூறு வருஷம்

[காட்சி: கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வட்டை, வயல்வெளி. வரம்போரம் நிற்கும் லேன்ட்மாஸ்டர், இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரம். கமரா இஞ்சினுக்குக் கிட்டப் போகிறது.]

பெரும்போக உழவு தொடங்கிவிட்டால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் விடியமுதலே கேட்கிற சத்தம் இது. டக், டக், டக். ஒற்றைச் சிலிண்டர், படுத்த வாக்கில் கிடக்கிற டீசல் இஞ்சின், பன்னிரண்டு குதிரைவலு. தண்ணீர் இறைக்கிற பம்பிலும் இதே இனம்தான். ஓட்டுகிறவர்களுக்கு இது சாதாரணச் சாமான். ஆனால் கழற்றிச் சாக்கில் பரப்பிப் பாருங்கள், 1712இலிருந்து 1927 வரைக்குமான சாமான்கள் ஒவ்வொன்றாகக் கையில் வரும். எந்தத் துண்டு எந்தக் காலத்தது, அது கெட்டால் இஞ்சின் என்ன செய்யும் என்று பார்ப்போம்.

[காட்சி: சாக்கின்மேல் பிஸ்டன், லைனர்.]

பிஸ்டன்தான் மூத்தது. 1712இல் இங்கிலாந்தின் டட்லிக்குப் பக்கத்தில், சுரங்கத் தண்ணீரை இறைக்கத் தோமஸ் நியூகொமன் ஓர் இயந்திரத்தை நிறுத்தினார். சிலிண்டரின் அகலம் 21 அங்குலம். நிமிஷத்துக்கு 12 தடவை பிஸ்டன் ஏறி இறங்கும்; ஒரு தடவைக்கு 10 கலன் தண்ணீர், 150 அடி ஆழத்திலிருந்து. வேடிக்கை என்னவென்றால், பிஸ்டனைத் தள்ளியது நீராவி அல்ல. சிலிண்டரை நீராவியால் நிரப்பிவிட்டு உள்ளே பச்சைத்தண்ணீரைப் பீச்சுவார்கள். நீராவி சுருங்கித் தண்ணீராகிவிடும், உள்ளே வெறுமை, வெளிக்காற்று பிஸ்டனை அமுக்கும். ஒவ்வொரு தடவையும் அதே சிலிண்டரைச் சூடாக்கி, ஆறவைத்து, திரும்பவும் சூடாக்க வேண்டும். எரித்த கரியின் சூட்டில் நூற்றில் ஒரு பங்குகூட வேலையாகவில்லை. சுரங்க வாசலில் விலைபோகாத கரித்தூள் குவிந்து கிடந்ததால் அது யாருக்கும் உறைக்கவுமில்லை.

ஜேம்ஸ் வாட்டுக்கு உறைத்தது. நீராவியை ஆறவைக்கத் தனியாக ஒரு பாத்திரம் வைத்தால் சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்குமே என்று 1765இல் கண்டார். காப்புரிமை 1769இல் கிடைத்தது. ஆனாலும் இயந்திரம் சந்தைக்கு வர இன்னும் பல வருஷம் பிடித்தது. காரணம் அறிவு அல்ல, கடைசல். உருளையாக ஒரு சிலிண்டரைக் குடைய ஆளில்லை. பீரங்கி குடைகிற ஜோன் வில்கின்சன்தான் 1770களின் நடுவில் அதைச் செய்து கொடுத்தார். 50 அங்குலச் சிலிண்டர் ஒரு பழைய ஷில்லிங் காசின் தடிப்புக்கு மேல் பிசகவில்லை என்று அந்தக் காலத்தில் மெச்சினார்கள்.

லைனர் என்பது பிஸ்டன் ஓடுகிற இந்தச் சிலிண்டர் உறை; இதில் அவ்வளவு இடைவெளி இருந்தால் இஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவே மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று அளவுதான் இடம். அதையும் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம், றிங், அடைக்கிறது. தேய்ந்துவிட்டதா என்று அறியக் கழற்றத் தேவையில்லை. டிகொம்ப்ரஷன் லீவரை, அதாவது வால்வைத் திறந்து பிடித்து உள்ளே காற்று அமுங்காமல் விடுகிற பிடியை, தொடாமல் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் கை தடைபட்டு, ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ள வேண்டும். தள்ளாமல் வழுக்கிக்கொண்டு போனால், ஒன்றில் றிங் தேய்ந்திருக்கிறது அல்லது வால்வு இருக்கையில் சரியாக அமரவில்லை. ஓடும்போது நீலப்புகையும் வந்தால் றிங்கைத்தான் சந்தேகப்படுங்கள். ஒயில் மேலேறி எரிகிறது.

[காட்சி: மூடியைத் திறந்து, கவர்னர் பல்லுச்சில்லு.]

கவர்னர் என்பது வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பகுதி. இந்தச் சிறிய உருக்குக் குண்டுகள், வாட் 1788இல் தம் இயந்திரத்தில் பொருத்திய குண்டுகளின் வாரிசு. வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும், விரிந்தால் எரிபொருள் குறையும். அவருடைய குண்டுகள் வெளியே ஆளுக்குத் தெரியச் சுழன்றன. இவை உள்ளே ஒளிந்து சுழல்கின்றன. கலப்பை இறுகிய மண்ணில் மாட்டும்போது இஞ்சின் தானாகவே முக்கி இழுப்பது இவற்றால்தான்.

குண்டுகளையும் டீசல் பம்பையும் தொடுக்கிற இணைப்பு இறுகிப்போனால் இஞ்சின் பறக்கும், அதாவது வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். உள்ளே போகிற காற்றின் தூசை ஒயிலில் பிடிக்கிற ஒயில் பாத் வகை எயார் கிளீனரில் கோட்டுக்கு மேல் ஒயில் ஊற்றினாலும் பறக்கும். இஞ்சின் அதை உறிஞ்சி எரிக்கும், அப்போது டீசலை மூடினாலும் நிற்காது. காற்று வாயை ஒரு பலகையால் அடைப்பதே வழி. கையை வைக்காதீர்கள். சேலை, சாரத்தையும் வேண்டாம், இழுத்துக்கொண்டு போய்விடும்.

[காட்சி: பறக்கும் சில்லு.]

இஞ்சினோடு சேர்ந்து சுழல்கிற இந்தப் பறக்கும் சில்லு ஏன் இவ்வளவு பாரம்? 1860இல் லெனுவா என்பவர் அடுப்பைச் சிலிண்டருக்கு உள்ளேயே கொண்டுவந்தார், ஆனால் வாயுவை அமுக்காமல் எரித்தார். குடித்த அளவுக்கு வேலை செய்யவில்லை. 1876இல் நிக்கோலாஸ் ஒட்டோ முதலில் அமுக்கி, பிறகு எரித்தார். உறிஞ்சு, அமுக்கு, எரி, தள்ளு. நாலு நடையில் ஒன்றுதான் சம்பாதிக்கிறது, மற்ற மூன்றும் சாப்பிடுகின்றன. அந்த மூன்றுக்கும் கடன் கொடுக்கிற பெட்டகம் இந்தச் சில்லு. நிமிஷத்துக்கு 2000 சுற்று என்றால் வெடிப்பு 1000 தான்.

[காட்சி: இன்ஜெக்ஷன் பம்ப், குழாய், நொசில்.]

டீசலை அளந்து தள்ளுகிற பம்பும், அதைச் சிலிண்டருக்குள் பீச்சுகிற நொசிலும் இவை. ருடோல்ஃப் டீசல் 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். காற்றைப் போதுமான அளவு அமுக்கினால் அதன் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும், தீப்பொறி வேண்டாம். 1897இல் அவருடைய இயந்திரம் சோதனையில் நூற்றுக்கு 26 பங்கு சூட்டை வேலையாக்கியது. நியூகொமனுடைய ஒன்றுக்கும் குறைந்த பங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது மூன்று மீற்றர் உயரம். எண்ணெயை உள்ளே ஊதவே தனிக் காற்றுப் பம்ப் வேண்டியிருந்தது. வயலுக்குள் இறங்கும் சாமான் அல்ல.

அதை இறக்கியது பொஷ் நிறுவனம் 1927இல் தொகையாகச் செய்யத் தொடங்கிய டீசல் இன்ஜெக்ஷன் பம்ப். மட்டக்களப்புக்கு ரயில் வந்தது அதற்கு அடுத்த வருஷம், அதுவும் நீராவியில். 1933இல் ஜப்பானில் யன்மார் நிறுவனம் ஒரு சின்ன டீசல் இஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கணக்கைப் பாருங்கள். முழுச்சுமையில் இந்த இஞ்சின் மணிக்கு இரண்டரை, மூன்று லீற்றர் குடிக்கும். அதை 60,000 வெடிப்புக்குப் பங்கிட்டால் ஒரு வெடிப்புக்கு ஒரே ஒரு துளி. அந்தத் துளியை நூறு வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தில், செக்கனுக்குப் பதினாறு தடவை, அளந்து அடிக்க வேண்டும். அதற்காகவே பம்புக்கு உள்ளிருக்கும் பிளஞ்சரும் (டீசலைத் தள்ளுகிற தண்டு) அதன் உறையும் சோடியாகத் தேய்த்துச் செய்யப்பட்டவை. நடுவில் மயிரிழையின் தடிப்பில் சிறு பங்குதான் இடம். ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. கொள்கலத்தில் கொண்டுவருகிற டீசலை ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் இரண்டு விரற்கடை விட்டுவிட்டு ஊற்றச் சொல்வது இதனால்தான். தண்ணீரும் தூசும் அந்த அடியில்தான் நிற்கும்.

[காட்சி: தண்ணீர்ப் பெட்டி, ஆவி பறக்கிறது. சிவப்புத் தலையுள்ள மிதவை.]

ரேடியேட்டர் இல்லாத இஞ்சினில் தண்ணீர் கொதிப்பது பழுது அல்ல. கொதிக்கிற தண்ணீர் 100 பாகைக்கு மேல் ஏறாது, சூட்டை ஆவி கொண்டுபோய்விடும். முழுச்சுமையில் மணிக்குப் பத்து லீற்றரளவு போகலாம். மிதவை கீழே இறங்கினால் ஊற்றுங்கள். முழுக்க வற்றி இஞ்சின் காய்ந்துவிட்டால் மட்டும் ஊற்றாதீர்கள். நிறுத்தி, ஆறவிட்டுப் பிறகு. காய்ந்த இரும்பில் பச்சைத்தண்ணீர் பட்டால் சிலிண்டரின் மூடியான ஹெட் வெடிக்கும்.

வாவிக்கரையில் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வாவித் தண்ணீரை இந்தப் பெட்டிக்குள் ஊற்றவே வேண்டாம். தண்ணீர் ஆவியாகிறது, உப்பு போவதில்லை. லீற்றருக்கு 10 கிராம் உப்பென்றே வைப்போம், பத்து லீற்றர் கொதித்துப் போனால் 100 கிராம் உள்ளே தங்கும். அது லைனரைச் சுற்றிப் படிந்தால் சூடு வெளியேறாது, பிறகு பிஸ்டன் இறுகும். கிணற்றுத் தண்ணீர், இல்லையென்றால் மழைத்தண்ணீர்.

[காட்சி: எல்லாம் பூட்டியாயிற்று. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை.]

கழற்றிப் பூட்டினால் டீசல் குழாயில் எயார் நிற்கும். டீசல் அமுங்காது, எயார் அமுங்கும். பம்ப் அதை அமுக்கிக்கொண்டே இருக்கும், நொசில் திறக்காது. டாங்கை நிரப்புங்கள். பில்டரின் எயார் ஆணியைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வழிந்ததும் இறுக்குங்கள். பம்பின் வாசலிலும் அப்படியே. பிறகு நொசில் பக்க நட்டை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி, டிகொம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றுங்கள். டீசல் குமிழி இல்லாமல் விட்டுவிட்டுப் பீறும்போது நட்டை இறுக்குங்கள். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது திரும்பவும் சுற்றுங்கள், காதைக் கொடுத்து. விட்டுவிட்டு நொசிலில் 'க்ரீக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். வந்தால் வேகத்தைக் கூட்டி, லீவரை விடுங்கள்.

[டக். டக், டக், டக்.]