ஆய்வகத்து மணல் குடத்துக்கு வந்த கதை

நேயர்களுக்கு வணக்கம்.

நானோ தொழில்நுட்பம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் நானோ துகள் தயாரிக்கிறவன் இல்லை. ஆய்வகத்தில் ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு அது என்ன ஆகிறது, காப்புரிமை யார் கைக்குப் போகிறது, எந்தக் கடைக்கு வருகிறது, எந்த வீட்டில் நிலைக்கிறது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. அதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் குடிதண்ணீர். நம் எல்லோருக்கும் தெரிந்த பொருள் என்பதால் வானொலியில் சொல்வதற்கும் அதுவே வசதி.

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அவ்வளவு சிறிதாக்கினால் என்ன லாபம்? வெல்லத்தை அச்சாகவே தண்ணீரில் போட்டால் கரைய நேரமாகும். தட்டிப் போட்டால் சட்டென்று கரைந்துவிடும். தண்ணீர் படுகிற பரப்பு கூடுவதுதான் காரணம். நானோ அளவில் பரப்பு கூடுவதோடு குணமும் மாறுகிறது. நகையாக இருக்கும்போது எதனோடும் சேராமல் கிடக்கிற தங்கம், சில நானோமீட்டர் துகளானதும் வேதிவினையில் இறங்கிவிடுகிறது.

சரி, கதைக்கு வருகிறேன். 2003-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பாட்டில் தண்ணீரில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. ஆகஸ்டில் குளிர்பானங்களைப் பற்றியும் சொன்னது. நாடு முழுக்க அதே பேச்சு. அந்தச் சமயத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு, வெள்ளி, தங்க நானோ துகள்கள் கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற குளோரின் சேர்மங்களைச் சிதைப்பதைக் கண்டிருந்தது. அதே துகள்கள் எண்டோசல்ஃபான், மாலத்தியான், குளோர்பைரிஃபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகளையும் தண்ணீரிலிருந்து நீக்கின. அந்தத் தொழில்நுட்பத்தை, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் விற்கிற யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் எடுத்துக்கொண்டு 2007-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நாலு வருஷம். ஆய்வகத்துக்கும் அடுப்படிக்கும் இடையே இது மிகக் குறைந்த காலம். வேதியியல் வலுவாக இருந்தது உண்மை. ஆனால் வழியும் முன்பே போட்டுக் கிடந்தது. வீடு வீடாகப் போய் விற்கிற ஆட்களும் பழுது பார்க்கிற ஆட்களும் அந்த நிறுவனத்திடம் ஏற்கெனவே இருந்தார்கள். மக்கள் மனத்தில் பயத்தைச் செய்தித்தாள்கள் விதைத்திருந்தன. வாங்கும் சக்தியுள்ள நகரத்துக் குடும்பங்களுக்கு அது புது இயந்திரமாகவும் தெரியவில்லை. பழகிய இயந்திரத்தில் இன்னொரு வடிகட்டி, அவ்வளவுதான்.

அடுத்து 2009 டிசம்பர். டாடா ஸ்வச் வந்தது. நெல் உமியைச் சுட்ட சாம்பலில் வெள்ளி நானோ துகளை ஏற்றிய வடிகட்டி. மின்சாரம் வேண்டாம், குழாய் இணைப்பு வேண்டாம். அப்போது ஆயிரம் ரூபாய்க்குள் விலை. ஒரு வடிகட்டி உருளை 3,000 லிட்டர் வரை தாங்கும். இதன் வேர் இன்னும் பழையது. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் ஆய்வாளர்கள் உமிச்சாம்பலில் செய்த ‘சுஜல்’ என்ற எளிய வடிகட்டியை 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பணியில் கொடுத்தார்கள். உமியில் இயல்பாகவே சிலிக்கா நிறைய இருக்கிறது. அரிசி ஆலை வாசலில் குவிந்து கிடக்கிற பொருள் ஒன்று குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்க உதவும் என்று நினைத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இந்த வகை வடிகட்டி கிருமியை நிறுத்தும், உப்பைக் குறைக்காது. சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. எங்கள் தாம்பரத்து அத்தைக்கு இப்படி மின்சாரமில்லாத வடிகட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, “அதே தண்ணிதானேப்பா?” என்றார். கிருமி செத்தது நாக்குக்குத் தெரியாது, உப்பு தெரியும். அப்புறம் ஒரு விற்பனையாளர் வந்து டி.டி.எஸ். மீட்டரை டம்ளரில் வைத்து எண்ணைக் காட்டினார். அத்தை, உப்பையும் நீக்குகிற ஆர்.ஓ. இயந்திரத்துக்கு மாறிவிட்டார். நான் கொடுத்த வடிகட்டிக்கு மாற்று உருளை அந்த வட்டாரக் கடைகளில் கிடைக்கவில்லை என்பது இன்னொரு காரணம். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். அந்த வடிகட்டி இப்போது பரணில் இருக்கிறது.

டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டும்தான். கிருமியையோ பூச்சிக்கொல்லியையோ ஆர்சனிக் என்ற நஞ்சையோ அது காட்டாது. ஆனாலும் கண்ணெதிரே ஓடுகிற ஒரு எண்ணுக்கு உள்ள வலிமை பெரிது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்பு உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் அரசுக்குச் சொல்லியும்கூட, உப்பே இல்லாத ஊர்களிலும் ஆர்.ஓ. போகத்தான் செய்கிறது.

இனி ஆர்சனிக். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் குளத்துத் தண்ணீரால் வந்த வயிற்று நோய்களைத் தவிர்க்க, 1970-களிலிருந்து ஏராளமான குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலை. அந்த நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஆர்சனிக் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில், உள்ளங்கை தடித்துக் கரும்புள்ளி விழுந்த கிராமத்து மக்கள் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாஹாவிடம் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் புற்றுநோய் வரை போகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. எங்கள் அத்தை நாக்கில் உப்பைக் கண்டுபிடித்ததுபோல இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. பாதிக்கப்படுகிறவர்களோ பெரும்பாலும் கைப்பம்பை நம்பி வாழ்கிற ஏழைகள். ஆக, நோயாளிகள் இருக்கிறார்கள், வாடிக்கையாளர்கள் இல்லை.

பிரதீப்பின் குழு இதற்கும் ஒரு பொருள் செய்தது. இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்ற பொருளை வலைபோல வைத்து, அதற்குள் மிக நுண்ணிய இரும்புச் சேர்மத்தைச் சிக்க வைத்தார்கள். இரும்பு ஆர்சனிக்கைப் பற்றிக்கொள்ளும், வலை இரும்பை வெளியே விடாது. சாதாரண வெப்பத்தில், தண்ணீரிலேயே செய்கிறார்கள். கையில் எடுத்தால் ஆற்று மணல் மாதிரி இருக்கும். இந்த வகைப் பொருட்களைப் பற்றி 2013-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர் செலவில் சுத்தமான குடிநீர் தரலாம் என்றது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 140 ரூபாய். ஆர்சனிக் நீக்கும் இந்தத் தொழில்நுட்பத்துக்கு ‘அம்ரித்’ என்று பெயர்.

140 ரூபாய்ப் பொருளை வீடு வீடாகப் போய் விற்க எந்த நிறுவனத்துக்கும் கட்டாது. பூச்சிக்கொல்லி வடிகட்டி போன பாதையில் இது போக முடியவில்லை. அரசுதான் வாங்க வேண்டியிருந்தது. ஊர்ப் பொதுக் குழாயில், பள்ளிக்கூடத்தில், கைப்பம்பின் பக்கத்தில் அமைப்புகளாக வந்தன. அதற்கு ஒப்பந்தப்புள்ளி, பரிசோதனைச் சான்று, மாநிலத்துக்கு மாநிலம் அனுமதி என்று நடையாய் நடக்க வேண்டும். பிரதீப்புக்கு 2020-இல் பத்மஸ்ரீ, 2022-இல் சவுதி இளவரசர் சுல்தான் பெயரில் தண்ணீருக்காகத் தரும் சர்வதேசப் பரிசு என்று கௌரவங்கள் வந்தன. எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது, ஒரு வேதியியல் குழு கட்டுரையோடு நிற்காமல் அந்த நடையையும் நடந்தது.

என் துறையில் பலரும் கணக்கிடுவது கட்டுரைகளையும் காப்புரிமைகளையும்தான். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் பிலிப் ஷாபிரா, ஜேன் யூட்டி, ஆலன் போர்ட்டர் போன்றவர்கள் இதை மிகக் கவனமாகச் செய்திருக்கிறார்கள். எது நானோ, எது இல்லை என்று தேடுசொற்களை வடிவமைப்பதே ஒரு பெரிய ஆய்வு. வாஷிங்டனில் உட்ரோ வில்சன் மையம் 2005-இல் கடைப் பொருட்களுக்கு ஒரு பட்டியல் தொடங்கியது. 54 பொருளில் தொடங்கியது பத்தாண்டுக்குள் 1,800-ஐத் தாண்டியது. அதிகம் வந்த பெயர் வெள்ளி. ஆனால் அவை நிறுவனங்கள் தாங்களே நானோ என்று சொல்லிக்கொண்ட பொருட்கள். இந்தியா 2007-இல் 1,000 கோடி ரூபாயில் நானோ மிஷன் தொடங்கியது. கட்டுரை எண்ணிக்கையில் உலகின் முன்வரிசைக்கு வந்தோம், காப்புரிமையில் அவ்வளவு வரவில்லை.

இந்தக் கணக்குகள் எதிலும் பரண் இல்லை. விற்றது எத்தனை என்று தெரியும், மூன்றாவது வருஷமும் ஓடுகிறது எத்தனை என்பதை யாரும் எண்ணுவதில்லை. கிராமத்தில் பொருத்திய வடிகட்டியின் மணல் தீர்ந்தால் மாற்றுவது யார், ஆர்சனிக் பிடித்த பழைய மணலை எங்கே கொட்டுவது, அந்தச் செலவு பஞ்சாயத்துடையதா, குடிநீர் வாரியத்துடையதா? நான் ஆய்வு தொடங்கியபோது என் கேள்வித்தாளில் இவை எதுவும் இல்லை. தாம்பரத்திலிருந்து கிளம்பும்போது பரணைக் காட்டி அத்தை கேட்டது இதுதான்: “இதுக்கு மாத்துறதுக்கு ஆள் வருவாங்களாப்பா?” இப்போது என் கேள்வித்தாள் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.